ரிம்மின் நடுவே ஒரு பள்ளம்

ஜூன் பிறந்து, தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக உள்ளே நுழைந்துவிட்டால் தென்காசிப் பக்கம் சாரல் தொடங்கிவிடும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் வரிசை நீளும். அதே நாட்களில் அருவிகளுக்குப் போகும் சாலைகளில் இன்னொரு காட்சியும் வழக்கமானது. ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பின்னாலிருந்து தள்ள, காற்றுப் போன பைக் ஒன்று பஞ்சர் கடையைத் தேடி மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும்.

மழைக்கும் பஞ்சருக்கும் தொடர்பு உண்டு. காய்ந்த ரப்பரைவிட நனைந்த ரப்பரை வெட்டுவது எளிது. கூரான பொருள் எதுவானாலும் தண்ணீர் அதற்கு வழுக்கிக் கொடுத்து உள்ளே அனுப்பிவிடும். ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த ஆணியையும் கண்ணாடிச் சில்லையும் மழைநீர் இழுத்துவந்து நடுச்சாலையில் போடும். புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும் லாரிகளிலிருந்து சிந்தும் ஜல்லி வேறு. குற்றாலத்தின் ஈரத்தை விட்டுக் கிழக்கே இறங்கினால் அங்கே முள். ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கத்து வறண்ட நிலத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வேலியிலிருந்து விழுந்த ஒரு கிளை போதும். அதன் முள் டயரைத் துளைத்து டியூப் வரை போய், முனை முறிந்து உள்ளேயே தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடை அடைத்திருக்கும். மறுநாள் விடியுமுன் பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி மூட்டையோடு போயாக வேண்டும். “நாமளே மாத்திருவோம்” என்ற முடிவு அப்போதுதான் பிறக்கிறது. போனில் செய்முறை வீடியோ இருக்கிறது, பக்கத்து வீட்டில் ஸ்பேனர் செட் இருக்கிறது. வீடியோவில் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை, வீட்டு முற்றத்தில் இரண்டு மணி நேரம் இழுக்கிறது. டயர் ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் கழன்று வெளியே வருகிறது. ஸ்க்ரூ டிரைவர் வளைகிறது, விரல் நசுங்குகிறது. ஒருவழியாக டயர் உள்ளே போய்க் காற்றடித்தால், புது டியூப் ‘உஸ்’ என்று மூச்சு விடுகிறது.

இப்படித் தோற்பவர்கள் பலம் போதாமல் தோற்பதில்லை. பலத்தை அதிகம் போட்டதால்தான் தோற்கிறார்கள். ஏன் என்று புரிய, டயர் எப்படி ரிம்மைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

காற்றடைத்த டயருக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன். ஆண்டு 1845. அது பெரிதாகப் பரவாமலேயே மறக்கப்பட்டது. 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதை மறுபடி கண்டுபிடித்தார். ஓட்டுவதற்குச் சுகமாக இருந்தது. பஞ்சரானால்தான் பாடு. டயரை ரிம்மோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். 1889-ல் பிரான்ஸின் கிளெர்மோன்-ஃபெரான் ஊரில் மிஷ்லின் சகோதரர்களின் ரப்பர் பட்டறைக்கு ஒரு சைக்கிள்காரர் அப்படிப்பட்ட பஞ்சரான டயரோடு வந்து நின்றார். பிரித்து ஒட்ட மூன்று மணி நேரம் ஆனது. பசை காய ஓர் இரவு முழுக்கக் காத்திருந்தார்கள். மறுநாள் காலை எதுவார் மிஷ்லின் அதை ஓட்டிப் பார்த்தார். சில நூறு மீட்டர் போவதற்குள் மறுபடி காற்று இறங்கிவிட்டது. ஆனாலும் அந்தச் சில நூறு மீட்டரில் கிடைத்த சுகத்தை அவரால் மறக்க முடியவில்லை. வழியில் யாரும் தானே கழற்றி மாட்டும்படியான டயரைச் செய்தால் என்ன என்று யோசித்தார்கள். 1891-ல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் சார்ல் தெரோன் மிஷ்லினின் அந்தக் கழற்றக்கூடிய டயரோடு ஓட்டி வென்றார். வீட்டில் டயர் மாற்றும் எவரும் அந்த யோசனைக்குக் கடன்பட்டவர்தான்.

இன்று பைக்கில் இருக்கும் அமைப்புக்கு இன்னொருவரும் காரணம். 1890-ல் இங்கிலாந்தின் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச், டயரின் இரண்டு ஓரங்களுக்குள்ளும் கம்பி வளையம் வைக்கும் முறைக்கும், நடுவில் பள்ளம் விழுந்த ரிம்முக்கும் காப்புரிமை பெற்றார். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் சூட்சுமம்.

டயரின் ஓரத்தில் ரப்பருக்குள் புதைந்திருக்கும் கம்பி எஃகு. அது நீளாது. ரிம்மின் வெளி விளிம்போ அந்த வளையத்தைவிடப் பெரியது. பெரிய வட்டத்தைத் தாண்டிச் சின்ன வட்டம் எப்படி உள்ளே போகும்? எவ்வளவு நெம்பினாலும் போகாது. கம்பி அறும், அல்லது ரிம் வளையும். அதற்காகத்தான் ரிம்மின் நடுவே அந்தப் பள்ளம். டயரின் ஓரத்தை ஒரு பக்கத்தில் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டால், நேர் எதிர்ப்பக்கத்தில் அந்த அளவுக்குத் தளர்வு கிடைக்கும். அந்தத் தளர்வில்தான் ஓரம் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுகிறது. இறுக்கமான கண்ணாடி வளையல் போடும்போது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்கிறார்களே, அதே கணக்கு.

முற்றத்தில் உட்கார்ந்து போராடுகிறவர் டயரை நெம்பும் லீவர் இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சிக்கல் அங்கே இல்லை, நேர் எதிரே இருக்கிறது. அங்கே டயரின் ஓரம் பள்ளத்தில் இல்லாமல் மேட்டில் ஏறி உட்கார்ந்திருக்கும். அதை முழங்காலால் அழுத்திப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டால், அதுவரை இரண்டு பேர் தொங்கியும் அசையாத ஓரம் ஒரு கையின் அழுத்தத்தில் உள்ளே போய்விடும். பஞ்சர் கடைக்காரர் ஒல்லியான ஆளாக இருந்தும் நொடியில் முடிப்பது இதனால்தான். அவருடைய கால்களைக் கவனித்தால் போதும். கை லீவரில் இருக்கும்போது கால் எப்போதும் எதிர்ப்பக்கத்தை மிதித்துக்கொண்டிருக்கும். வீடியோக்களில் கேமரா பெரும்பாலும் கையைத்தான் காட்டுகிறது.

லீவர் வளைகிற அளவுக்குப் பலம் தேவைப்பட்டால் ஏதோ ஓர் இடம் தவறாக இருக்கிறது என்று பொருள். அங்கே நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வேலையைத் தொடங்குமுன் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டிய ஒரே விதி இதுவே.

சோப்புத் தண்ணீர் இன்னொரு பாதி வேலையைச் செய்துவிடும். ஓரங்களில் தாராளமாகத் தடவலாம். கிரீஸும் என்ஜின் ஆயிலும் கூடாது. அவை ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், காய்ந்தும் போகாது, பிறகு டயர் ரிம்மின் மேலேயே வழுக்கிச் சுற்றும். லீவர் இல்லாமல் ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்புவதும் கூடாது. அதன் முனை டியூபைக் குத்தும், அலாய் வீலின் விளிம்பைச் செதுக்கும், கைநழுவினால் முகத்தில் அடிக்கும். முனை உருண்டையாகத் தேய்த்த டயர் லீவர் இரண்டோ மூன்றோ வாங்கி வைத்துக்கொள்வது பெரிய செலவில்லை.

புது டியூப் ஏன் மாட்டியவுடனே மூச்சு விடுகிறது? கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னக் கிழிசல்கள் இருக்கும். லீவருக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் மாட்டி நசுங்கியதன் அடையாளம் அது. காற்றே இல்லாத டியூப் தொளதொளவென்று தொங்கி லீவரின் வாயில் போய் விழுகிறது. அதனால் உள்ளே வைக்குமுன் வட்ட வடிவம் வருகிற அளவுக்கு மட்டும் கொஞ்சம் காற்றுப் பிடிக்க வேண்டும். மேலே முகப்பவுடர் தூவிக்கொண்டால் டியூப் டயரோடு ஒட்டாமல், முறுக்கிக்கொள்ளாமல் உள்ளே படியும். லீவரை ஒரே கடியில் நிறைய இழுக்காமல், விரலளவு விரலளவாக நகர வேண்டும்.

எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். வால்வு இருக்கும் இடத்தில் டியூப் தடித்திருக்கும். அங்கே டயரின் ஓரத்தைப் பள்ளத்துக்குள் இறக்க முடியாது. ஆகவே இரண்டாவது பக்கத்தை ஏற்றும்போது வால்வுக்கு நேர் எதிரே தொடங்கி, வால்வு பக்கத்தில் முடிக்க வேண்டும். கடைசியில் வால்வை உள்பக்கமாக ஒருமுறை அமுக்கிவிட்டு இழுத்தால், டயரின் ஓரத்துக்கு அடியில் டியூப் சிக்கியிருந்தால் விடுபட்டுவிடும். வால்வு சாய்ந்து நின்றால் டியூப் உள்ளே இழுபட்டிருக்கிறது. அப்படியே ஓட்டினால் சில நாளில் வால்வு அடியோடு பிய்ந்துவரும். அதை ஒட்டவும் முடியாது.

முறிந்த முள்ளின் கதையும் இங்கேதான் வருகிறது. பஞ்சருக்குக் காரணமான பொருளைக் கண்டுபிடிக்காமல் டியூபை மட்டும் மாற்றினால், முதல் கிலோமீட்டரிலேயே அதே இடத்தில் அதே ஓட்டை விழும். பழைய டியூபுக்குக் காற்றடித்துத் தண்ணீர் வாளியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தை அடையாளம் செய்து, வால்விலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று டயரோடு வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு டயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் சுற்றித் துடைத்து வந்தால் முள் முனை துணியில் மாட்டும். வெறும் விரலால் தடவினால் முள் விரலில் ஏறும். ஓட்டை டியூபின் உள்வட்டத்தில், அதாவது ரிம்மைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் குற்றவாளி முள் அல்ல, ஸ்போக். ஸ்போக் தலைகளை மூடியிருக்கும் ரப்பர் பட்டை நைந்துபோயிருக்கும், அல்லது ரிம் துருப்பிடித்திருக்கும். சாரலிலேயே நனைந்து நிற்கும் வண்டிகளுக்கு இந்தத் துரு சீக்கிரம் வரும்.

ஒட்டுவதானால் பொறுமை வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, அது பளபளப்பு மாறிக் காயும்வரை விட்டு, பிறகுதான் ஒட்டு போட வேண்டும். ஈரத்தில் ஒட்டுப் பிடிக்காது. மழை தூறும் முற்றம் இதற்கு ஏற்ற இடமல்ல.

டயரை மாற்றுவதில் தோற்றால் ஒரு டியூப் போகும். கழற்றிய வீலைத் திரும்ப மாட்டுவதில் தோற்றால் உயிர் போகும். வீடியோக்கள் டயரிலேயே நின்றுவிடுவதால் இந்த இரண்டாவது பாதி யாருக்கும் பெரிதாகத் தெரிவதில்லை. இந்த வேலையில் கவனம் அதிகம் தேவைப்படும் பகுதி அதுதான்.

டிரம் பிரேக் உள்ள பைக்கில் பிரேக் ஷூக்கள் உட்கார்ந்திருக்கும் தட்டு, வீலோடு சேர்ந்து சுற்றக்கூடாது. பின்பக்கத்தில் அதைப் பிடித்து நிறுத்துவது ஒரு கம்பியும் ஒரு போல்ட்டும். முன்பக்கத்தில் அந்தத் தட்டில் ஒரு பள்ளம் இருக்கும். ஃபோர்க்கில் உள்ள மேடு அதற்குள் சரியாக உட்கார வேண்டும். இந்தப் போல்ட்டை மறந்தாலும் மேட்டைப் பொருத்தத் தவறினாலும் வண்டி சாதாரணமாக ஓடும். யாருக்கும் சந்தேகம் வராது. முதல் தடவை பலமாகப் பிரேக் பிடிக்கும்போது தட்டு வீலோடு சேர்ந்து சுழன்று, கேபிளையோ ராடையோ முறித்து, வீலை அப்படியே நிறுத்திவிடும். புளியரையிலிருந்து கணவாய் ஏறும் வழியில் எஸ் வளைவு என்று எல்லோரும் சொல்லும் திருப்பம் இருக்கிறது. அங்கே இறக்கத்தில் அப்படி நடந்தால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை.

டிஸ்க் பிரேக் என்றால் வேறு எச்சரிக்கை. வீல் வெளியே இருக்கும்போது பிள்ளைகள் யாராவது பிரேக் லீவரைப் பிடித்துவிட்டால், உள்ளிருக்கும் பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டு வரும். பிறகு டிஸ்க் உள்ளே போகாது. பேடுகளுக்கு நடுவில் ஓர் அட்டையைச் செருகி வைத்தால் போதும். கழற்றிய வீலை டிஸ்க் கீழே இருக்கும்படி தரையில் போட்டு மிதிக்கக்கூடாது. டிஸ்க் வளைந்தால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வண்டி நடுங்கும்.

பின்வீலைக் கழற்றும்போது இரண்டு பக்கமும் சின்னச் சின்ன உருளைப் புஷ்கள் விழும். இடதா வலதா என்பது ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும். கழற்றுவதற்கு முன்பே இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். கழற்றிய சாமான்களை அந்த வரிசையிலேயே ஒரு பழைய துணியில் அடுக்கலாம். முன்வீலில் ஸ்பீடோமீட்டர் கியர் இருக்கும் வண்டிகளில் அதன் காதுகள் வீலின் பள்ளத்தில் பொருந்தாமல் நட்டை இறுக்கினால் அது நசுங்கிவிடும். செயினை இரண்டு பக்கமும் ஒரே கோட்டு அடையாளத்தில் வைத்து இறுக்க வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் வீல் கோணலாக ஓடும், புது டயர் ஒரு பக்கமாகத் தேயும். ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் ஸ்ப்ராக்கெட்டையும் செயினையும் அதன் இடத்திலேயே விட்டுவிட்டு வீலை மட்டும் உருவி எடுக்கும் வசதி உண்டு. தெரியாமல் செயின் கவர் வரை எல்லாவற்றையும் கழற்றுகிறவர்கள் வேலையை இரட்டிப்பாக்கிக்கொள்கிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வண்டி விழாமல் நிற்க வேண்டும். ஈர மண்ணில் சென்டர் ஸ்டாண்டு புதையும். அடியில் ஒரு பலகை போட்டாக வேண்டும். சென்டர் ஸ்டாண்டே இல்லாத புது வண்டிகளைச் செங்கல் அடுக்கி நிறுத்த முயல்வதைவிட மெக்கானிக்கிடம் போவதே மேல்.

பழைய தலைமுறைக்கு இந்த அனுபவம் வேறுமாதிரி இருந்தது. 1972-ல் வந்த பஜாஜ் சேடக் ஸ்கூட்டரில் ஸ்டெப்னி வீல் கூடவே வந்தது. வழியில் பஞ்சரானால் நாலைந்து நட்டைக் கழற்றி மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். அதன் ரிம் இரண்டு பாதிகளாக நட்டுப் போட்டு இணைக்கப்பட்டிருக்கும். இரண்டையும் பிரித்தால் லீவர் இல்லாமலே டயர் கையோடு வந்துவிடும். ஆனால் காற்றை இறக்காமல் அந்த நட்டுகளைத் தொட்டால் ரிம்மின் பாதி வெடித்துப் பறக்கும். வீலை வண்டியில் பிடிக்கும் நட்டு எது, ரிம் பாதிகளைச் சேர்க்கும் நட்டு எது என்று குழம்பிக் காயப்பட்டவர்கள் உண்டு. ஸ்டெப்னியும் போயிற்று, பிரியும் ரிம்மும் போயிற்று. இன்றைய பைக்குகளில் மாற்று வீல் கிடையாது, ஆகவே முழுக் கலையையும் கற்றாக வேண்டியிருக்கிறது.

ஸ்கூட்டர்களிலும் அலாய் வீல் பைக்குகளிலும் இப்போது டியூப்லெஸ் டயர். இதில் சாதாரண ஆணிக் குத்துக்கு வீலையே கழற்ற வேண்டாம். ஆணியைப் பிடுங்கி, துளையை அரத்தால் சுத்தம் செய்து, பசை தடவிய ரப்பர் ஸ்டிரிப்பைச் செருகிவிட்டால் வீட்டுக்கு வந்துவிடலாம். இந்தச் சாமான்கள் அடங்கிய கிட்டை வண்டியின் பெட்டியில் வைத்திருப்பது எல்லோருக்கும் நல்லது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க மானியம் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2018 பிப்ரவரியில் தொடங்கியது. கிராமத்துச் சாலைகளில் ஆசிரியைகளும் செவிலியர்களும் சொந்த வண்டியில் போய்வருவது இப்போது சாதாரணம். வண்டியோடு இந்தச் சின்ன வேலையையும் கற்றுக்கொடுக்க ஷோரூம்கள் கால் மணி நேரம் ஒதுக்கலாம்.

ஆனால் டியூப்லெஸ் டயரையே மாற்றுவது வீட்டு வேலை அல்ல. அதன் ஓரம் ரிம்மின் உள்மேட்டைத் தாண்டி மிக இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். கழற்றவே தனி இயந்திரம் வேண்டும். புதியதை மாட்டியபின் இரண்டு ஓரங்களும் ‘டப், டப்’ என்ற சத்தத்தோடு தம் இடத்தில் உட்கார, ஒரே வீச்சில் நிறையக் காற்று போக வேண்டும். கால் பம்புக்கு அந்த வேகம் கிடையாது. உட்காரவில்லையே என்று கம்ப்ரசரில் அளவுக்கு மீறி அழுத்தம் ஏற்றினால் ஓரக்கம்பி அறுந்து டயர் வெடிக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டவே கூடாது. ஆக்டிவா போன்ற ஸ்கூட்டரில் பின்வீலை எடுக்க சைலன்சரையே இறக்க வேண்டும். இதையெல்லாம் கடையில் கொடுத்துவிடுவதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. 2.75-18 48P என்று இருந்தால், அது 18 அங்குல ரிம்முக்கானது. 48 என்ற எண் 180 கிலோ வரை தாங்கும் என்பதையும், P என்ற எழுத்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேக எல்லையையும் குறிக்கும். 54 என்றால் 212 கிலோ. சுரண்டைப் பக்கம் வாழைத்தாரும், ஆலங்குளம் பக்கம் பீடி இலைக் கட்டும், பாவூர்சத்திரத்துக்கு வெண்டை மூட்டையும் ஏற்றிப் போகும் வண்டிகளுக்கு இந்த எண் முக்கியம். ஓட்டுபவர், பின்னால் இருப்பவர், மூட்டை, வண்டியின் எடையில் பின்வீலுக்கு வரும் பங்கு எல்லாம் சேர்ந்தால் எல்லை எளிதில் தாண்டிவிடும். வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வருடக்கணக்கில் கடைப் பரணில் கிடந்த டயரை விலை குறைவு என்று வாங்குமுன் இதைப் பார்க்க வேண்டும். அம்புக்குறி வீல் சுற்றும் திசையைக் காட்டும். அதைக் கவனிக்காமல் முழுவதும் மாட்டி முடித்து, மறுபடி கழற்றியவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். மழைத்தண்ணீரை ஒதுக்கும் பள்ளங்கள் அந்தத் திசைக்கே வெட்டப்பட்டவை. சாரல் ஊரில் அது அலங்காரம் அல்ல.

இந்த டயர் தூரத்துப் பொருளும் அல்ல. இருசக்கர வாகன டயர்களைச் செய்யும் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா 1982-ல் தொடங்கப்பட்டது; அதன் ஆலை மதுரையை அடுத்த வெள்ளரிப்பட்டியில் இருக்கிறது. எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946-ல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகப் பிறந்தது. டயருக்கு உயிரான ரப்பர் மரமோ கணவாய்க்கு அந்தப்பக்கம் தென்மலை, புனலூரில் தொடங்கிவிடுகிறது. புனலூரைத் தலைமையிடமாகக் கொண்ட மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் 1976-ல் அமைந்தது. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு வேலை தருவதற்காக உருவானது அது. மலையகத்தில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த கைகள், செங்கோட்டைக்கு அடுத்த மலையில் பால் வெட்டக் கற்றுக்கொண்டன. ஒரு டயரைக் கையில் எடுக்கும்போது இந்த உழைப்பும் நினைவுக்கு வரத் தகுந்தது.

மாட்டி முடித்தபின் காற்றை நிரப்பி, டயரின் ஓரத்தில் ஓடும் மெல்லிய கோடு ரிம்முக்குச் சம தூரத்தில் சுற்றிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓரிடத்தில் உள்வாங்கியிருந்தால் காற்றை முழுக்க இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி ஏற்றலாம். அப்படியே ஓட்டினால் வண்டி ஆடும். காற்றின் அளவை வண்டியோடு வந்த புத்தகத்தில் பார்த்து, பெட்ரோல் பங்கில் சரிசெய்துகொள்ளலாம். முதல் ஓட்டத்தைத் தெருவுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, இரண்டு பிரேக்கையும் மெல்லப் பிடித்துப் பார்த்து, திரும்பி வந்து எல்லா நட்டுகளையும் இன்னொரு முறை தொட்டுப் பார்ப்பது நல்லது. புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடித் தேயும்வரை பிடிப்பு குறைவு. நனைந்த ஐந்தருவிச் சாலையில் வண்டியைச் சாய்த்துத் திருப்பும் வேலை அதுவரை வேண்டாம்.

கடைசியாக, கழற்றிப் போட்ட பழைய டயர். பெரும்பாலும் அது கொல்லைப்புறச் சுவரோரம் சாய்ந்துவிடும். சாரல் விழும் ஊரில் அதற்குள் எப்போதும் தண்ணீர் நிற்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடத் தேடுவது இப்படிப்பட்ட இடத்தையே. 2012-ல் அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்தில், குறிப்பாகக் கடையநல்லூரில், டெங்கு எப்படிப் பரவியது என்பது இந்த வட்டாரத்துக்குத் தெரியும். டயரைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. முட்டைகள் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தே கிடக்கும்; அடுத்த மழையில் நனைந்ததும் பொரியும். புது டயர் வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டுவதானால் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, அடியில் நான்கைந்து துளை போட்டுத் தொங்கவிடலாம்.